குழம்பு என்று சொன்ன அம்ரீன்

கீழக்கரை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஹாதி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கொழுந்தியா சுஹா எழுதுகிறேன். என் லாத்தா, உங்கள் ஜுனைதா, இப்போது நன்றாக இருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போய்வருகிறாள். உம்மாவும் நானும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் பாதியில் படித்துவிட்டு நீங்கள் பதறி ஊருக்குப் போன் போடக்கூடாது. கடைசிவரை படியுங்கள். கோபம் வந்தாலும் படியுங்கள். ரூம் கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இந்தக் காலத்தில் எவள் காகிதத்தில் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசலாமென்றால் லாத்தா பக்கத்தில் இருப்பாள். வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள், உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும். இன்னொன்று, இப்போதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் எவனும் செய்துவிடுகிறான். நீங்கள் கிண்டலடிக்கும் என் கோழிக்கிறுக்கலைச் செய்ய எவனாலும் முடியாது. பாக்கர் மாமா லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிறார். உங்களுக்கான பொட்டலத்தோடு ஒரு கவரும் தருவேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கவருக்குள் என்ன என்று கேட்டார். பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கவர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பெருநாளன்று வீடியோ காலில் லாத்தாவைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நோன்பு புடிச்சு நல்லா எளச்சுட்டியே, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்க" என்றீர்கள். அவள் நோன்பினால் இளைக்கவில்லை, மச்சான். நீங்கள் அனுப்பிய வீடியோவில் வந்த மாத்திரையினால் இளைத்தாள்.

நீங்கள் மறந்துகூட இருக்கலாம். நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், டிவியில் சமைக்கிற அம்ரீன் மாத்திரையைப் பற்றிப் பேசுகிற வீடியோ ஒன்றை அனுப்பினீர்கள். "பாரு, நம்ம பக்கத்து ஊர்ப் புள்ளயே சொல்லுது" என்று கூடவே ஒரு வரி, ஒரு சிரிக்கிற பொம்மை. உங்களுக்கு அது விரலால் ஒரு தட்டு. லாத்தாவுக்கு அது உத்தரவு.

அம்ரீனை லாத்தாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பெரியபட்டினத்துக்காரி டிவியில் சமைக்கிறாள் என்பதற்காக மட்டுமில்லை. ஒருமுறை அவள் "மீன் ஆணம்" என்று சொன்னபோது கூட நின்ற தொகுப்பாளர் சிரித்துவிட்டு, "குழம்புன்னு சொல்லுங்க மேடம், ஜனங்களுக்குப் புரியணும்" என்றார். அம்ரீன் கரண்டியை ஆட்டிக்கொண்டு, "குழம்பெல்லாம் உங்க வீட்ல. எங்க ஊர்ல ஆணம்தான். புரியாதவுக தின்னு பாத்துப் புரிஞ்சுக்கட்டும்" என்றாள். லாத்தா அன்றைக்குக் கைதட்டினாள். மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் நான் ஒருநாள் "ஆணம் ஊத்து" என்று கேட்டுவிட்டு மூன்று வருஷம் அதே பட்டப்பெயரோடு திரிந்தவள். நானும் கூடச் சேர்ந்து தட்டினேன். அந்த அம்ரீன் சொன்னால் லாத்தா விஷத்தைக்கூடத் தேன் என்று குடிப்பாள். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தாள்.

நீங்கள் அந்த வீடியோவை அனுப்புவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் வீடியோ காலில் நீங்கள், "கேமராவைத் தள்ளி வைடி, பாதி ஆள்தான் ஃப்ரேமுக்குள்ள தெரியுது" என்றீர்கள். பின்னால் உங்கள் கூட்டாளிகள் சிரித்த சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. லாத்தாவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் போனைச் சாய்த்து வைக்கும் இடம் மாறிவிட்டது. சர்க்கரை டப்பாமேல், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. கழுத்துக்குக் கீழே தன்னை உங்களுக்குக் காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். கவனித்தீர்களா?

மாத்திரை கூரியரில் வந்தது. மஞ்சள் மூடி போட்ட பாட்டில், அதன்மேல் அம்ரீன் படம். எங்களிடம் மூச்சுவிடவில்லை. நோன்பு நாட்களில் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்றை விழுங்கிவிட்டு நோன்புக்கு நிய்யத்து வைத்திருக்கிறாள். பகலில் நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது, நாக்கு வறண்டு ஒட்டியிருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? நோன்பில் நாக்கு வறளாதா? உம்மா, "நோன்பு அசதிடி, கொஞ்சம் சாய்ஞ்சுக்க" என்றார். வேறு எந்த மாதமாக இருந்தாலும் ஒரு வாரத்தில் பிடித்திருப்போம். நோன்பு மாதம் என்பதால் அவள் உடம்பு கதறியதை நாங்கள் எல்லாரும் பக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

அதைவிட மோசம், பாராட்டினோம். தராவீஹ் தொழப் போன இடத்திலெல்லாம் பெண்கள் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்து, "என்னடி செய்ற, எங்களுக்கும் சொல்லு" என்றார்கள். போன வருஷம் இதே ஆட்கள், "ஹாதி அங்கன காஞ்சு கெடக்காரு, நீ இங்கன ஊதிக் கெடக்க" என்றவர்கள்தான். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண் பேரில்தான் எழுதுகிறோம், மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குகிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டு உடம்பை மட்டும் ஊர் பேரில் எழுதி வைத்திருக்கிறோம்.

பெருநாள் கழிந்தும் நிறுத்தவில்லை. நீங்கள் கல்யாணப் பொண்ணு என்று சொன்ன பிறகு எப்படி நிறுத்துவாள்?

பாக்கர் மாமா போகிறார் என்றதும் உங்களுக்காகத் தொதல் கிண்ட உட்கார்ந்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்ந்து இறுகி வரும்போது துடுப்பு எப்படிக் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஒருமுறை வாங்கிக் கிண்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் கையை உதறிக்கொண்டு ஓடியவர் நீங்கள். லாத்தா எப்போதும் ஒற்றை ஆளாகக் கிண்டி முடிப்பாள். அன்றைக்குப் பதம் பார்க்கும் நேரம் வந்தபோது தன் வாயில் போடாமல் பிள்ளையைக் கூப்பிட்டு, "இனிப்பு போதுமானு பாரு" என்றாள். எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது. ஏன் லாத்தா என்று கேட்க வாயெடுத்தேன். துடுப்பு கையிலிருந்து நழுவியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். சட்டிப் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கம் சாய்ந்தது அல்லாஹ்வின் கிருபை. முழங்கையில் மட்டும் சூடு பட்டது. அந்தச் சட்டித் தொதல் அப்படியே தீய்ந்து போனது.

ஆட்டோவில் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் உமாமகேஸ்வரி என்று ஒருவர் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், ஏதாவது மருந்து எடுக்கிறாயா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் லாத்தா. குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் கைப்பையையும் தண்ணீரையும் கேட்டாள். மத்தியான மாத்திரைக்கு நேரமாகிவிட்டதாம்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் ஊசி குத்தியிருக்க, அந்த மஞ்சள் மூடியைத் திருகுகிறாள். நான் பிடுங்கிக்கொண்டு போய் டாக்டர் மேசைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர். "சத்து மாத்திரை, மூலிகை" என்றாள் லாத்தா. "எந்த மூலிகை?" "டிவியில வர்ற அம்ரீன் சாப்புடுறது." டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன கலந்தது என்பதற்கு "இயற்கை" என்று ஒரே சொல். "இதுல மூலிகை இருக்கா, எலிமருந்து இருக்கா, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தடை பண்ண மருந்தைக்கூடக் கலந்து விக்கிறானுக. இதயம் இந்த ஓட்டம் ஓடுது, ஒடம்புல உப்புச்சத்து எறங்கிக் கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஒல்லியாத்தான் எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். உம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. லாத்தாவுக்குத் தைராய்டு குறைவு. பிள்ளை பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். அந்த அசதி, அந்த எடை, முடி கொட்டியது எல்லாவற்றுக்கும் அது காரணமாக இருக்கலாமாம். நாம் என்ன சொன்னோம்? தின்னுட்டுத் தூங்குறா என்றோம். நானும் சொல்லியிருக்கிறேன். இதற்கு முறையான மாத்திரை இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் லாத்தா, "டாக்டரம்மாவுக்கு ஆயிரம் சோலி, எல்லா மாத்திரையும் அவுகளுக்கு ஒண்ணுதான். அம்ரீன் பொய் சொல்லுவாளா? அவுக பாக்காமலா அனுப்பியிருப்பாக?" என்றாள். அவுக என்றால் நீங்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து தினமும் ஏமாந்தவர்களைப் பார்க்கிறவள். இன்னும் பத்து நிமிடம்தான் சலுகை என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கீழே நன்றி சொன்ன நாலு பெண்களும் எழுத்துப்பிழைகூட மாறாமல் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். உணவுத்துறை உரிமம் என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடினால் ஏதோ ஊறுகாய்க்காரருடையது. முன்னால் குண்டு, பின்னால் ஒல்லி என்று படத்தில் இருக்கும் பெண், வேறொரு தேசத்தில் முடி எண்ணெய் விளம்பரத்திலும் நிற்கிறாள். "இது அம்ரீனே இல்ல லாத்தா, மூஞ்சியையும் குரலையும் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கானுக" என்றேன். "நீ படிச்சவ, எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்ப" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் நான் தோற்றுப்போய், "நீயே கேளு" என்று வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் லாத்தா. வீடியோவில் அம்ரீன், "நான் தினமும் மீன் குழம்பும் சாதமும் நன்றாகச் சாப்பிடுகிறேன். ரம்ஜான் விரத நேரத்தில்கூட இந்த மாத்திரையை" என்று போய்க்கொண்டிருந்தாள்.

பின்னுகிற கை நின்றது. "திருப்பிப் போடு" என்றாள் லாத்தா. போட்டேன். "இன்னொரு வாட்டி." போட்டேன். மீன் குழம்பு. சாதம். விரதம்.

லாத்தா என்னைப் பார்த்தாள். "நம்ம புள்ள வாயில குழம்புனு வருமாடி? சோத்தைச் சாதம்னு சொல்லுவாளா? நோன்பை விரதங்குறா!" என்றாள். அப்புறம் சத்தமே இல்லாமல், "இது அவ இல்ல" என்றாள்.

இவ்வளவு நாள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாயே, அப்போது காதில் விழவில்லையா என்று கேட்டேன். "எளச்சுப் போவீகங்கிறது மட்டுந்தாண்டி விழுந்துச்சு" என்றாள். பிறகு பிள்ளையின் பாதி பின்னிய தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு அந்தத் திருட்டுக் கூட்டத்தின்மேல் எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தக் காகிதம் எரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன் மச்சான். அவனுக்கு லாத்தா யார் என்று தெரியாது. கீழக்கரை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எங்கே தொட்டால் அவளுக்கு வலிக்கும் என்பதை அவனுக்கு முன்னாலேயே நாம் தொட்டுத் தொட்டுப் புண்ணாக்கி வைத்திருந்தோம். அவன் வந்து மருந்து என்று ஒன்றை நீட்டினான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை.

பாக்கர் மாமாவின் பயணம் தள்ளிப்போனது, மகளுக்குக் காய்ச்சலாம். நல்லதாகப் போயிற்று, மீதியையும் எழுதுகிறேன். இது நல்ல சேதி.

சனிக்கிழமை லாத்தா எங்கள் தெருப் பெண்கள் குரூப்பில் தன் குரலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. மயங்கி விழுந்தது, ஆஸ்பத்திரியில் மாத்திரையைத் திருகியது, ஒன்றையும் மறைக்கவில்லை. "என்னைப் பாத்து என்ன செய்றனு கேட்டியளே, இதுதான் செஞ்சேன். யாரும் செய்யாதிய" என்று முடித்தாள். சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இனி தெருவில் தலைகாட்ட முடியாது என்றாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. மூன்றாம் வீட்டு மருமகள், துப்பட்டிக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே எடுத்தால் அதே மஞ்சள் மூடி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இருட்டுவதற்குள் எங்கள் அடுப்படித் திட்டில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒருத்தி தன் பாட்டிலில் வேறு நடிகை படம் இருப்பதைப் பார்த்து, "எனக்கு மட்டும் அம்ரீன் கெடைக்கலையே" என்றாள். அதற்கு எல்லாரும் சிரித்த சிரிப்பில் உம்மா தொழுகையை முடித்துவிட்டு வந்து திட்டினார். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே தெருவில் இத்தனை பேர் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாளை இரண்டு பேரை டாக்டர் உமாமகேஸ்வரியிடம் லாத்தாவே கூட்டிக்கொண்டு போகிறாள்.

1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். பாட்டில்களைப் படம் எடுத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆள் பிடிபடுவான் என்று கனவு காணவில்லை. எழுதிவைக்காமல் விட்டால் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அதற்காக.

அம்ரீனின் பக்கத்துக்கும் எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். நேற்று அவள் நேரலையில் வந்தாள். விளைமீன் ஆணம் வைத்துக்கொண்டே, "என் மூஞ்சியை வச்சு எவனோ மாத்திரை விக்கிறான். கீழக்கரை லாத்தா ஒருத்தவுக நான் குழம்புனு சொன்னதை வச்சுக் கண்டுபிடிச்சிருக்காக. லாத்தா, என் வாயில அந்தச் சொல்லு வந்தா கரண்டியால என்னை அடிங்க" என்றாள். லாத்தா துள்ளிவிட்டாள். பிறகு சந்தேகப்பட்டு, "இது நெசமா அவதானே?" என்று என்னைக் கேட்டாள். ஆணம் என்று எத்தனை தடவை சொன்னாள் என்று நீயே எண்ணிக்கொள் என்றேன்.

நேற்று மறுபடி தொதல் கிண்டினாள். நானும் மூன்றாம் வீட்டு மருமகளும் மாறி மாறித் துடுப்பைப் பிடித்தோம். பதம் பார்க்கும்போது லாத்தா யாரையும் கூப்பிடவில்லை. தானே ஒரு துண்டு எடுத்து ஊதி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றாள். "கருப்பட்டி ஒரு கை கொறவு" என்றாள். உங்களுக்கு வந்திருப்பது அந்தச் சட்டிதான்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாருடைய பாட்டிலையும் வாங்கி வைத்தவள், தன்னுடையதை வைக்கவில்லை. டாக்டர் மேசையிலிருந்து எப்படித் திரும்ப எடுத்து வந்தாளோ, அது அவள் அலமாரியில், பெருநாள் புடவைக்குப் பின்னால் இருக்கிறது. பார்த்துவிட்டேன். பொய் என்று தெரிந்தும் ஏன் என்று கேட்டேன். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவுக வாராகடி. வந்து பாத்து, திரும்ப ஊதிட்டியேன்னு சொல்லிட்டா?" என்றாள். நான் அதை எடுத்துக் கடலில் எறிந்துவிடலாம். போனில் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் இன்னொன்று வீட்டுக்கு வந்துவிடும். அதனால் தொடவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை மச்சான். மயங்கி விழுந்தது தெரிந்திருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன். மாத்திரையை எறி என்று அவளிடம் சொல்ல வேண்டாம், அதுவும் இன்னொரு உத்தரவு ஆகிவிடும். சுஹா எழுதினாள் என்றும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

கல்யாணமான புதிதில் நீங்கள் போன் எடுத்ததும் முதலில் கேட்டது என்ன என்று நினைவிருக்கிறதா? "ஜுனைதா, பசியாறிட்டியா?" அங்கே நீங்கள் சாப்பிட்டீர்களோ இல்லையோ, அதைக் கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டீர்கள். அவளும் அன்றைக்கு என்ன ஆணம், எந்த மீன் என்று வாய் நிறையச் சொல்வாள். எப்போது அந்தக் கேள்வி நின்று, எத்தனை கிலோ என்ற கேள்வி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் படித்த மறுநாளே போன் செய்யுங்கள். பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். எடையைப் பற்றிப் பேசாதீர்கள், இளைத்தாய் என்று புகழக்கூட வேண்டாம். அந்தப் பழைய கேள்வியைக் கேளுங்கள். இப்போது லாத்தா யார் குரலையும் உடனே நம்புவதில்லை, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் பேசுவது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியமும், அங்கே நேரத்துக்கு ஒரு கவளம் சோறும் தரட்டும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாருங்கள். பசியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியா
சுஹா